ஆழமாய் இறங்கும் கைக்கோடாலி

இறைச்சிக் கடை அண்ணனை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஒரே வெட்டு’ என்றால்தான் தெரியும். எவ்வளவு தடித்த எலும்பாக இருந்தாலும் கத்தியை ஒரு முறைதான் ஓங்குவான். கத்தி எலும்பைத் தாண்டி மரக்கட்டையில் போய் நிற்கும். அதை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு கையாலும் கறியைப் பிரித்துத் தங்கை பக்கம் தள்ளுவான். அவள் தராசில் போட்டுக் கட்டிக் கொடுப்பாள். கத்தி கட்டையில் நின்றபடி கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த அதிர்வைப் பார்க்கப் பிடிக்கும். ஏதோ பெரிய பறவை வந்து உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் பறந்து போனதுபோல இருக்கும்.

போன வருடம் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கியபோது காது கிழிந்த ஒரு காட்டுப் பன்றி அவன் தொடையைக் கிழித்தது. அவன் ஓங்கிய கோடாலியின் தலை கழன்று புதருக்குள் பறந்துவிட்டது. வெறும் காம்போடு நின்றவனைப் பன்றி தூக்கிப் போட்டுவிட்டுப் போனது. கால் ஆறிவிட்டது. கைதான் ஆறவில்லை. கத்தியை ஓங்கினால் கிடுகிடுவென்று நடுங்கும். எலும்பு நசுங்கும், சிதறும், பிளக்காது.

அன்றைக்குக் காலையில் எதிர்க்கடை பேக்கரிக்காரன் கறி வாங்க வந்து நின்றான். அண்ணன் ஒரு தொடை எலும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“என்னப்பா, பேரை மாத்திடலாமா? நாலு வெட்டுன்னு வெச்சா பொருத்தமா இருக்கும்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணன் மேசையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டான். பேக்கரிக்காரனின் மூக்கெலும்பு முறிந்த சத்தம் தங்கைக்குத் தெளிவாகக் கேட்டது. எலும்புச் சத்தம் அவளுக்குப் புதிதில்லை. அண்ணன் அவன் தலைமயிரைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டியில் மோதினான். கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபடி மோதப் போனவனைத் தங்கை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பின்னால் இழுத்தாள்.

“விடுடி! அவனை இன்னைக்குக் கொத்துக்கறி போடாம விடமாட்டேன்!”

“போட்டா யாருண்ணா வாங்குவா? வெறும் மாவும் கொழுப்பும்தான் இருக்கும்.”

அவன் அப்போதும் சிரிக்கவில்லை. எல்லோரும் போனபின் கட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அந்தப் பன்னியை என் கையால வெட்டாம இந்தக் கட்டை முன்னாடி நிக்கமாட்டேன். நல்ல கோடாலியா ஒண்ணு பார். தலை பறக்கிற தரித்திரம் இன்னொண்ணு வேண்டாம்.”

அண்ணி தரையில் கிடந்த இரத்தத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். அது எந்த இரத்தம் என்று பார்த்துப் பிரிக்க முடியாத தரை அது. “நான் சொன்னா கேக்கிற ஆளா அவரு? நீ கூடப் போ,” என்றாள் தாழ்ந்த குரலில். “பன்னி செத்தா என்ன, பொழைச்சா என்ன. இவரை உயிரோட கொண்டு வந்து சேர்த்துடு.”

தங்கைக்கு அதற்கு மேலும் ஒரு ஆசை இருந்தது. பழைய அண்ணன் திரும்பி வர வேண்டும். அதனால்தான் கோடாலி தேடி அவளே கிளம்பினாள்.

காட்டுக்குப் போகிறவர்களுக்குக் கூடாரமும் கயிறும் விற்கும் கடை பக்கத்துத் தெருவில் இருந்தது. கடைக்காரர் ஒல்லியான மனிதர். எதற்கும் அவசரப்படாதவர்.

“டொமஹாக் வேணும், அந்த நீளக் காம்புக் கைக்கோடாலி. உடையவே கூடாது,” என்றாள்.

“எதுக்கும்மா? விறகு வெட்டவா, கூடாரத்துக்கு முளை அடிக்கவா, சுவத்துல மாட்டி அழகு பாக்கவா?”

“எல்லாத்துக்கும்தான். தேவைப்பட்டா உசிரைக் காப்பாத்திக்கவும்.”

அவர் அவள் சட்டையின் கைப்பக்கத்தில் இருந்த இரத்தக் கறையைப் பார்த்தார். “யார் உசிரை?”

“எங்க உசிரைத்தான். பயப்படாதீங்க, கறிக்கடை.”

நீளக் காம்பும் சின்னத் தலையுமாக மூன்று கைக்கோடாலிகளை எடுத்து மேசையில் வைத்தார். முதலாவது தலை முதல் அடி வரை ஒரே இரும்பு. “லாரி ஏறினாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா நீ அடிக்கிற அடியெல்லாம் உன் முழங்கைக்கே திரும்பி வரும்.” அண்ணனின் நடுங்கும் கையை நினைத்து அவள் அதைத் தள்ளி வைத்தாள். அடுத்தது பிளாஸ்டிக் போலிருந்த காம்பில் தலையைத் திருகாணியால் முடுக்கியது. “எடையே தெரியாது. தினமும் ஆணியை முடுக்கிப் பாத்துக்கணும், அவ்வளவுதான்.”

“எங்க அண்ணன் வீட்டுக் கதவையே பூட்டமாட்டான். அடுத்தது?”

மூன்றாவது மரக் காம்பு. “காம்பு மேல போகப் போகத் தடிமனாகும். தலையை அடியிலிருந்து ஏத்தி மாட்டணும். ஓங்க ஓங்க இறுகுமே தவிர, கழண்டு பறக்காது. காம்பு முறிஞ்சாலும் ஒரு கிளையைச் செதுக்கிச் சொருகிடலாம்.”

பறக்காது என்ற வார்த்தையிலேயே அவள் மனம் அதில் பதிந்துவிட்டது. காம்பை வெளிச்சத்தில் திருப்பினாள். கறியில் நார் பார்ப்பதுபோல மரத்தின் வரியைப் பார்த்தாள். அடி முதல் நுனி வரை நேராக ஓடியது.

அந்தக் காம்புக்கு இரண்டு விதத் தலைகள் இருந்தன. ஒன்று கன்னம் உப்பிய தடித்த தலை. இன்னொன்று மெல்லியது. அவள் பையிலிருந்து ஒரு மாட்டுக்கால் எலும்பை எடுத்தாள். கடைக்காரர் ஒரு அடி பின்னால் போனார்.

“என்னம்மா இது?”

“நாங்க இப்படித்தான் சோதிப்போம். பின்னாடி கட்டை இருக்கா?”

கொல்லைப்புறத்தில் ஒரு மரமுண்டு இருந்தது. தடித்த தலையை ஓங்கி இறக்கினாள். எலும்பு வெடித்தது. உள்ளே இருந்த மஜ்ஜை கடைக்காரரின் சட்டையில் தெறித்தது. கோடாலி துள்ளி அவள் கைக்கே வந்துவிட்டது. பிறகு மெல்லியதை இறக்கினாள். எலும்பு இரண்டாகி விலகிக்கொள்ள, அது மரமுண்டில் ஆழமாக நின்று அதிர்ந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“இதுதான்.”

“ஆழமா இறங்குறது பெருசில்லம்மா, வெளிய வரணும். மெல்லிசுத் தலை கடிச்சா விடாது. காட்டுக்குன்னா நான் தடிச்சதைத்தான் சொல்வேன்.”

“எங்க கத்தி தினமும் கட்டையிலதானே நிக்குது. நாங்க என்ன அதைக் கொஞ்சிக் கூப்பிட்டா எடுக்கிறோம்?”

“கட்டை ஓடாதும்மா,” என்றார் கடைக்காரர், சட்டையைத் துடைத்துக்கொண்டே. அவள் அதற்குள் கோடாலியைப் பிடுங்கிக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்திருந்தாள்.

கறி ஏற்றும் வண்டியிலேயே காட்டுக்குப் போனார்கள். போன வருடம் தங்கிய அதே ஆற்று வளைவில் கூடாரம் போட்டார்கள். கோடாலியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்த அண்ணனின் கை அன்று அவ்வளவாக நடுங்கவில்லை. விறகு வெட்டிப் பார்த்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் அது மரத்தில் போய் நின்றது. நிற்க நிற்க அவன் முகம் பழைய முகமானது.

“நல்லாத்தான் பொறுக்கியிருக்க,” என்றான். அவன் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிய விஷயம்.

“பன்னி வராட்டி என்னண்ணா பண்றது?”

“வரும். நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா வரும். உன் சத்தத்துக்கு மீனே கரையேறி ஓடுது.”

மறுநாள் காலை, ஆற்றுக்கு மேலே பனி இன்னும் கலையாமல் இருந்தபோது, நாணலை விலக்கிக்கொண்டு அது வந்தது. ஒரு காது கிழிந்து தொங்கியது. அதே பன்றி. சேற்றில் மூக்கை நுழைத்து நின்றது. அண்ணன் மரத்துக்குப் பின்னாலிருந்து எழுந்தான். தங்கை கையில் ஒரு நீளக் கழியோடு மூச்சை அடக்கி நின்றாள். அவனுடைய கோடாலி மேலே போனது. துளி நடுக்கம் இல்லை.

ஒரே வெட்டு. தோள்பட்டையைப் பிளந்து எலும்பில் இறங்கி நின்றது.

அப்போது அவன் கைகள் திறந்தன. பிடி தானாக விட்டது. இரண்டு கையும் முன்னால் நீண்டன, கறியைப் பிரிக்கப் போவதுபோல. தங்கை அதைப் பார்த்தாள். அது பயமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கட்டையின் முன்னால் நின்ற அத்தனை வருடங்களும் சேர்ந்து அந்தக் கைகளைத் திறந்துவிட்டிருந்தன. அவன் முகத்தில் திருப்தி வந்து, அது முடியும் முன்பே திகைப்பு வந்தது. இந்தக் கறி இன்னும் உயிரோடு இருந்தது.

தோளில் கோடாலியோடு பன்றி திரும்பியது. அவன் முழங்காலுக்குக் கீழே நுழைந்து தூக்கியது. அவன் மல்லாக்க விழுந்தான். நன்றாக இருந்த மறு தொடையில் கொம்புப் பல் இறங்கி மேலே கிழித்தது. அவன் கத்தியது மனிதக் கத்தலாக இல்லை. தங்கை கழியால் அடித்தாள், கழி முறிந்தது. முறிந்த முனையை அதன் கண்ணில் குத்தினாள். அது தலையை உதறி அவளைச் சேற்றில் எறிந்துவிட்டு மறுபடி அவன் மேல் பாய்ந்தது. அவன் அதன் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினான். அவன் விரல்களுக்கு நடுவே பற்கள் அரைபட்டன.

அவள் அதன் முதுகில் விழுந்து காம்பைப் பிடித்தாள். இழுத்தால் வரவில்லை. பன்றி ஓடியது, அவளும் கூடவே இழுபட்டாள். கல்லும் வேரும் முழங்காலை உரித்தன. வேறு எந்தக் காம்பாக இருந்தாலும் அப்போதே முறிந்திருக்கும். கட்டையில் சிக்கிய கத்தியை மேலும் கீழுமாகத்தான் அசைக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். அசைத்தாள். எலும்பு கிரீச்சிட்டது. சூடான இரத்தம் முகத்தில் அடிக்க, கோடாலி பிடுங்கிக்கொண்டு வந்தது.

மண்டைக்குப் பின்னால் கழுத்து சேரும் இடம் எங்கே என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்தாள், நகம் உள்ளங்கையில் இறங்கும்படி. வெட்டினாள். விடவில்லை. பிடுங்கி மறுபடி வெட்டினாள். அது முன்னங்கால் மடிந்து விழுந்தது, அப்போதும் வெட்டினாள். அடங்கிப் போன பிறகும் வெட்டினாள். பனிக்குள் எங்கோ யாரோ அழுவதுபோலக் கேட்டது. அது தன் குரல்தான் என்று தெரிந்தபிறகு நிறுத்தினாள்.

அவள் திரும்பி ஓடி வந்தபோது அண்ணனின் தொடையிலிருந்து இரத்தம் விட்டு விட்டுப் பீச்சியது. கூடாரக் கயிற்றை அறுத்து, காயத்துக்கு மேலே சுற்றி, குச்சியைச் செருகி முறுக்கினாள். அவன் பற்களைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்தான். முடிச்சுப் போட அவள் குனிந்தபோது ஓங்கி அறைந்தான். அவள் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது.

“என் பன்னிடி அது! உன்னை யாருடி வெட்டச் சொன்னது?”

பக்கத்தில் கிடந்த கோடாலி அவள் கைக்கு வந்திருந்தது. அது மேலே எழுவதை அவள் யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவன் கழுத்தும் கண்ணில் பட்டது. அங்கே எந்த இடம் என்பதும் அவளுக்குத் தெரியும். அண்ணன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

“வெட்டு,” என்றான். “நீதான் நல்லா வெட்டுறியே.”

அவள் கோடாலியைத் தூரச் சேற்றில் எறிந்துவிட்டு, அவன் கையை இழுத்துத் தோளில் போட்டாள். அரை மாட்டைத் தூக்கிக் கொக்கியில் மாட்டுகிறவளுக்கு அண்ணன் பெரிய சுமையில்லை. அவன் வழி முழுக்க அவள் முதுகில் குத்திக்கொண்டும், காதைப் பிடித்துத் திருகிக்கொண்டும் வந்தான். “இறக்கி விடுடி நாயே. நான் இங்கேயே சாகிறேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வருவேன்?”

“இருக்கிற மூஞ்சியை வெச்சுக்கிட்டு வா. அண்ணி அதைப் பாத்துதானே கட்டிக்கிட்டா, பாவம்.”

வண்டியின் முன்னிருக்கையில் அவனைத் திணித்து மேடு பள்ளம் பார்க்காமல் ஓட்டினாள். அவன் திட்டிக்கொண்டே வந்தான். அவளைத் திட்டினான், கோடாலி விற்றவனைத் திட்டினான், பன்றியின் பரம்பரையைத் திட்டினான். ஒவ்வொரு வசவும் அவளுக்கு ஒரு மூச்சாகக் கேட்டது. திட்டுகிற வரைக்கும் இருக்கிறான். குரல் இறங்கும்போதெல்லாம் சீண்டினாள்.

“அண்ணா, கல்யாணத்துல மாலையைத் தலைகீழாப் போட்டியே, ஞாபகம் இருக்கா?”

“அது... அவங்க அப்பன்... மடையன் குடுத்த மாலை...”

“அவர் மடையன்னா அவர் மாப்பிள்ளை யாரு?”

பதில் வரவில்லை.

“அண்ணா.”

தார்ச் சாலை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி இன்னும் தொலைவில் இருந்தது. அவன் தலை கண்ணாடியில் சாய்ந்து, வண்டியின் ஆட்டத்துக்கெல்லாம் ஆடியது. அவள் ஓரமாக நிறுத்தினாள். தளர்ந்திருந்த கயிற்றை மறுபடி முறுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். பிறகு அறைந்தாள். வண்டிக்குள் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. கையில் இருந்த இரத்தம் அவன் கன்னத்தில் ஐந்து விரலாகப் பதிந்தது. இன்னொரு முறை, தன் பலமெல்லாம் சேர்த்து அறைந்தாள்.

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

“அண்ணனையே... கை நீட்டுறியா?”

“ஆமா. என்ன பண்ணுவ?”

“வீட்டுக்கு வா... பேசிக்கிறேன்.”

“வீடு வரைக்கும் எதுக்கு? இப்பவே பேசு. பேசிக்கிட்டே வா.”

அவள் வண்டியைக் கிளப்பினாள். பக்கத்திலிருந்து, மெதுவாக, தட்டுத் தடுமாறி, அவளுடைய பிறப்பிலிருந்து அவன் மறுபடி திட்ட ஆரம்பித்தான்.