கறுக்காத கோடு

டேப்பில் கோடு கறுத்திருக்கவில்லை.

பெரியவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஆபரேஷன் கருவிகளைத் துணியில் கட்டி, மேலே டேப் ஒட்டி, நீராவி மெஷினில் நாற்பத்தைந்து நிமிடம் வைத்து எடுத்தால் டேப்பின் வெள்ளைக் கோடுகள் கறுத்துவிடும்; கிருமி செத்ததற்கு அதுதான் அடையாளம். பதினேழு வருஷமாக அவள் பார்க்கிற வேலை. ஆனால் 'தயார்' தட்டில் இருந்த ஐந்து கட்டுகளிலும் கோடுகள் பால் மாதிரி வெளுத்துக் கிடந்தன.

பதிவேட்டில் ஆறு கட்டு. கையெழுத்து சின்னவளுடையது. பெரியவள் கையைக் காலைப் பிடித்து இந்த வேலையில் சேர்த்துவிட்ட கூடப்பிறந்த தங்கை.

ஆறாவது எங்கே?

லிஃப்டுக்கு நிற்காமல் இரண்டு மாடி ஏறி ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினாள். மேஜையில் நாலு வயதுக் குழந்தை மயக்கத்தில் கிடந்தது. தியேட்டர் நர்ஸ் கட்டின் முடிச்சில் கை வைத்திருந்தாள்.

"பிரிக்காதே!"

நர்ஸ் டேப்பைப் பார்த்தாள். முடிச்சிலிருந்து கையை எடுத்தாள். "உங்க ரூம்லேருந்து வந்தா நாங்க டேப்பைப் பார்க்கிறதே இல்லையேக்கா."

யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது பெரியவளுக்கு. அந்தக் கட்டை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். புகார்ப் படிவம் ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேரே ஜெப ஹாலுக்குப் போனாள்.

அங்கே அன்று சின்னவளுக்கு எண்ணெய் பூசி அபிஷேகம். வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வருகிறாள். மண்டியிட்டிருந்தாள். போதகர் எண்ணெய்க் கிண்ணத்தோடு, "உலக வேலையிலிருந்து தேவன் இந்தச் சகோதரியைப் பிரித்தெடுத்து அழைத்திருக்கிறார்" என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

பெரியவள் நடுவழியே நடந்து வந்து, பையிலிருந்து கட்டை எடுத்துத் தங்கையின் முழங்காலுக்கு முன்னால் வைத்தாள்.

"கோடு என்ன நிறம்டி?"

சின்னவள் குனிந்தாள். "மெஷின்ல வெச்சேனே..."

"வெச்சே. ஓட விட்டியா?"

"முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணிட்டு வந்தேன். நாப்பத்தஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு, எடுத்து அடுக்கிட்டேன்."

"தொட்டப்போ சூடே இல்லையே, தோணலையா?"

"ஆறிடுச்சுன்னு நினைச்சேன்க்கா."

"நாலு வயசுக் குழந்தைடி! வயித்துக்குள்ள போயிருக்கும், இந்த அழுக்குக் கத்தி!"

போதகர் கையை உயர்த்தினார். "சகோதரி, அழைப்புக்குக் குறுக்கே நிற்காதீங்க. சத்துரு இப்படித்தான் தடை பண்ணுவான்."

"சத்துரு இல்லீங்க ஐயா, சூப்பர்வைசர்." பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். "அப்போஸ்தலர் பவுலே கூடாரம் தைச்சுத்தான் சாப்பிட்டாரு. பாதியில ஊசியைப் போட்டுட்டு ஓடியிருந்தா, மழையில நனைஞ்சவன் அவர் பிரசங்கத்தைக் கேட்டிருப்பானா? எந்த நிலையில அழைக்கப்பட்டியோ அதுல நில்லுன்னு அவர்தானே எழுதினாரு? அந்த வசனத்தை இந்த ஹால்ல ஒரு தடவையாவது படிச்சிருக்கீங்களா?"

"அது வேற சூழ்நிலைக்கு..."

"என் மெஷின் ரூம்லயும் தேவன் இருக்காரு. இவ காலையில அவரை அங்கேயே விட்டுட்டு, இங்க தேடி வந்திருக்கா."

பெரியவள் படிவத்தை நீட்டினாள். "நான் எழுதிட்டேன். உன் பேரைத்தான் போட்டிருக்கேன். கீழே நீ கையெழுத்துப் போடணும். நீயா விடறதுக்கு முன்னாடி அவங்களே வேலையை விட்டு நிறுத்தினாலும் நிறுத்துவாங்க."

"சகோதரி, எண்ணெய் பூசிட்டுப் பேசிக்கலாம்" என்றார் போதகர்.

சின்னவள் கட்டைக் கையில் எடுத்தாள். வெள்ளைக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். அழவில்லை. எழுந்து நின்று, போதகரின் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"ஐயா, அந்தப் பேனாவைக் குடுங்க."

பிரசங்க மேடையிலேயே படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"குழந்தை?" என்றாள், பேனாவை மூடாமலே.

"நல்லாருக்கு. வேற கட்டு கொண்டுவந்து ஆரம்பிச்சாச்சு." பெரியவளின் குரல் துளியும் இறங்கவில்லை. "செருப்பைப் போடு. அந்த ஆறு கட்டையும் நீதான் திரும்ப மெஷின்ல ஏத்தணும். கோடு கறுக்குற வரைக்கும் நான் பக்கத்துலயே நிப்பேன்."