கப்பலோடு போன ஸ்திராத்திஸ்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. நீச்சலுடையில், துண்டைத் தோளில் போட்டபடி கலிரோயி என் கதவைத் தட்டிக் கேட்ட கேள்வியில் பிறந்தது இது.

"தம்பி, என் வீட்டுக்காரர் கப்பலோட போயிட்டாரு. அடுத்த கப்பல் எப்போ?"

முதல் வரியை 'நீலக் கடல் சூழ்ந்த எங்கள் தீவில்' என்று தொடங்கி— வேண்டாம். ஊரில் சிரிப்பார்கள்.

2

கலிரோயியின் கணவர் ஸ்திராத்திஸ், பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வரும் கப்பலில் கயிறு கட்டும் வேலை பார்த்தவர். காலமெல்லாம் எங்கள் துறைக்கு வந்து போயும் தீவுக்குள் கால் வைத்ததில்லை. ஓய்வு பெற்றதும் கலிரோயி இழுத்து வந்துவிட்டாள். இருவரும் சேர்ந்து வந்த முதல் விடுமுறை. என் மாடி அறையில் தங்கினார்கள். மதியம் ஊரே கதவைச் சாத்தித் தூங்கும். இவர் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று கப்பல் ஊதியது. சட்டையில்லாமல் கரையில் கால் நனைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து ஓடினார். கயிற்றை வாங்கிக் கட்டினார். வண்டிகளைக் கையசைத்து ஏற்றினார். கயிற்றை அவிழ்த்து, தானும் தாவி ஏறி, வண்டிகள் ஏறி இறங்கும் பின்கதவைத் தூக்கச் சொல்லிக் கைகாட்டினார். தூக்கிவிட்டார்கள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எங்கள் ஊரில் யாரும் இதற்கு ஆச்சரியப்படவில்லை. இங்கே பழைய மாலுமிகள் ஊதல் கேட்டால் பூசையின் நடுவிலேயே எழுந்து போவார்கள்.)

3

கதையில் அவளைத் துறையில் உட்காரவைத்து அழவிட்டிருந்தேன். படித்துக் காட்டினேன்.

"நான் எப்போய்யா அழுதேன்? கழுதைப் பாதையில ஏறி அந்தப் பக்கத்துக் கடற்கரை வரைக்கும் போயிட்டு வந்தேன். யார் வீட்டு மரத்துலயோ அத்திப்பழம் பறிச்சுத் தின்னேன். அத எழுது."

எழுதினேன். மாலையில் மறந்துபோய் இரண்டு காபி சொன்னாள் என்பதையும் எழுதினேன்.

"சரி, முடிவு?"

"அவர் ஓடிவந்து உங்களைக் கட்டிப்பிடிக்கிறார், அக்கா."

"சினிமா. அடிச்சுடு."

"அப்ப நீங்களும் ஏறி அவரோட போயிடறீங்க."

"அதுக்கு நான் வீட்டுலயே இருந்திருப்பேனே! அந்தக் கப்பல விட்டுட்டு அவரு ஒரு தடவ இறங்கணும். எனக்காக. வேற என்ன கேட்டேன்?"

4

காற்றால் தாமதமாகி அதே கப்பல் இதோ திரும்பி வந்துவிட்டது; நானும் அவளும் துறையில் நிற்கிறோம். யாரோ கொடுத்த சட்டையில் ஸ்திராத்திஸ் பின்கதவருகே நிற்கிறார். மற்றவர்களைக் கையசைத்து இறக்குகிறார். தக்காளி வண்டி இறங்கியாயிற்று, பாதிரியார் இறங்கியாயிற்று. போகிறவர்களும் ஏறியாயிற்று. அவர் மட்டும் அங்கேயே நிற்கிறார்.

"கூப்பிடுங்க, அக்கா."

"மாட்டேன். கூப்பிட்டு இறங்கினா அது இறங்கினதா?" என் சட்டைக் கையை இறுகப் பிடித்திருக்கிறாள்.

அவர் கயிற்றைப் பார்க்கிறார். இவளைப் பார்க்கிறார். எனக்கு இந்த இருவரையும் மிகவும் பிடித்துப்போயிற்று. அதனால் மேலே எழுதக் கை வரவில்லை. நான் கூப்பிட்டால் அவள் என்னை மன்னிக்கமாட்டாள். இதைப் படிக்கிற உங்களை அவளுக்குத் தெரியாது. கூப்பிடுவதானால் இப்போதே கூப்பிடுங்கள், கதவு மேலே எழும்புகிறது.