லிப்னிக்கியில் தண்டவாளம் குறுகியது

போரின் மூன்றாம் வசந்தத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உக்ரைனின் மேற்கு எல்லையில் இருக்கும் லிப்னிக்கி ஊரின் அகலமான தண்டவாளங்கள் தாமாகவே நான்கு விரல் நெருங்கி, ஐரோப்பாவின் குறுகிய அளவுக்கு வந்து நின்றன. அதுவரை போலந்து வண்டிகள் அங்கே சக்கரம் மாற்றிக்கொண்டுதான் உள்ளே வரும். இப்போது மாவும் மருந்தும் தடங்கலில்லாமல் வந்து இறங்கின. பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த அதிகாரிகள் குனிந்து அளந்தார்கள். தண்டவாளத்தைக் குறுக்கும் தங்கள் பத்து வருஷத் திட்டம் ஒரே இரவில் முடிந்துபோனதில் கொஞ்சம் முகம் வாடினார்கள். பிறகு அண்டை நாட்டு அமைச்சர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒத்துழைப்பு என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டுப் போனார்கள். சக்கரம் மாற்றும் பட்டறையை மூடிவிட்டார்கள். அங்கே பாதி ஆயுள் வேலை பார்த்த ஸ்தெஃபா வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு நட்டாள்.

கிழக்கை ஒருவரும் நினைக்கவில்லை. பாழாய்ப்போன போர் அங்கேதான் நடந்தது; அங்கிருந்து வரும் வண்டிகளெல்லாம் பழைய அகலம். ஜூனில் ஒரு மருத்துவ வண்டி, சூரியகாந்தி வயலருகே அகலத் தண்டவாளம் முடியும் இடத்தில் நின்றுவிட்டது. அதில் ஸ்தெஃபாவின் மகன் ஓஸ்தாப் வயிற்றில் குண்டுச்சில்லோடு கிடந்தான். சாலைப் பாலத்தை ஏவுகணை தின்றிருந்தது. பொழுது சாய்வதற்குள் போலந்து ஆஸ்பத்திரி சேர்ந்தால்தான் பிழைப்பான் என்று வண்டியிலிருந்த டாக்டர் அவளிடம் தொலைபேசியில் சொன்னார்.

அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஊரே தண்டவாளத்தின் இருபக்கமும் மண்டியிட்டிருந்தது. செத்த வீரனைக் கொண்டுவந்தால் அப்படிச் செய்வது அங்கே வழக்கம். கிழக்கு வண்டி என்றதும் பிணம்தான் என்று நினைத்துவிட்டார்கள். மகன் போய்விட்டானோ என்று ஸ்தெஃபா வண்டியை நோக்கி ஓடினாள். அப்போது ஜன்னல் திறந்து ஓஸ்தாபின் குரல் வந்தது.

"லேவ்கோ மாமா, யாருக்கு மண்டி போடுறீங்க? எனக்கா? இன்னும் மூச்சு இருக்கு. எந்திரிங்க."

தபால்கார லேவ்கோ கூசிப்போனார். "கோவிச்சுக்காதப்பா. கிழக்கு வண்டின்னாலே முட்டி தானா மடங்குது."

"மடங்குனது போதும்," என்றாள் ஸ்தெஃபா. "ரயில் பெட்டியைத் தூக்குங்க. நான் பட்டறையிலேருந்து குறுகலான சக்கரத்தை உருட்டிட்டு வர்றேன்."

"தூக்குறதா? கிரேன் எங்கம்மா?"

"தோள் இருக்குல்ல?"

மண்டியிட்டிருந்தவர்கள் அப்படியே தோளைக் கொடுத்து எழுந்தார்கள். பெட்டி, உள்ளே கிடந்த ஆட்களோடு சக்கரத்தைவிட்டு மேலெழுந்தது. ஒரு மாவு மூட்டைக்கு மேல் கனமில்லை என்று எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். நடந்துபோய், குறுகிய தண்டவாளத்தில் ஸ்தெஃபா உருட்டி வைத்த சக்கரத்தின்மேல் இறக்கினார்கள். ஸ்தெஃபா பூட்டுகளை இறுக்கினாள். வண்டியில் அவளுக்கு இடமில்லை. ஜன்னல் வழியாக மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்டியாடா?"

"வயித்துல இரும்பு இருக்கும்மா. பசியே இல்ல."

வண்டி மறையும்வரை நின்று அழுதாள்.

ஓஸ்தாப் பிழைத்தான். கிழக்கு வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு தடவையும் ஊரார் வயலோரம் போய் நிற்பார்கள். முதல் ஜன்னல் திறந்ததும் ஸ்தெஃபா ஒன்றே ஒன்று கேட்பாள்: "மண்டி போடணுமா, தூக்கணுமா?"

சில நாட்களில் இரண்டும் செய்ய வேண்டியிருந்தது.