சுவரோரம் ஒரு தூண்

1

ஒரு தூண்தானே, அதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கலாமா?

இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. தச்சர் அவள் அறைக் கூரையைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளே தனக்குள் சொல்லிக்கொண்டாள். இந்தக் கதை பிறந்தது அங்கேதான், ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. மாலையில் முதல் வரியை எழுதினாள்: 'மரமும் மனதைப் போலத்தான், உள்ளிருந்தே...'

அடித்துவிட்டாள். மரம் உள்ளிருந்து கெடவில்லை. மாடிக் குளியலறைக் குழாய் ஒழுகிக் கெட்டது.

2

நடந்ததை நடந்தபடி எழுதினால் இவ்வளவுதான். மாடித் தரையைத் தாங்கும் மரச்சட்டங்கள் ஒன்பது. சுவருக்குள் செருகிய முனையில் மூன்று உளுத்துவிட்டன. தச்சர் திருப்புளியை வைத்து அழுத்தினார், கைப்பிடிவரை இறங்கியது.

"வழி ரெண்டுதாம்மா. உளுத்ததை வெட்டிட்டு, பக்கத்துலயே புதுக் கட்டை சேர்த்து போல்ட் போடலாம். ஆனா சுவத்துல பிடிமானம் போச்சு, கீழேர்ந்து ஒரு தூண் குடுக்கணும். இல்லன்னா மூணையும் கழட்டிட்டு மாத்தணும். அதுக்கு மாடித் தரையைப் பிரிக்கணும், மூணு வாரம் ஆகும்."

"தூண் எங்க வரும்?"

அவர் தம் காலடியைக் காட்டினார். நின்றிருந்தது அவள் எழுதும் மேசைமேல்.

3

மாமியாரைக் கதையின் முதல் வரைவில் கடுகடுப்பானவராக எழுதியிருந்தாள். [எழுத வசதி. ஆனால் பொய்.]

மாடி அறை அவருடையது. முட்டி மடங்காது. கீழே வந்தால் கழிவறைக்கு நாலு படி இறங்கவேண்டும். "ஏம்மா, தரையைப் பிரிச்சா நான் எங்க நிக்கிறது? அந்தரத்துலயா?" என்று கட்டிலிலிருந்தே சிரித்தார். "உன் கதையில என்னைக் கெட்டவளாக்கிடாதே, ஆமா."

வில்லி ஒருத்தி கிடைத்திருந்தால் இரண்டு பக்கத்தில் முடித்திருக்கலாம்.*

* மூன்று வரைவுகளிலும் அவள் விட்டுவிட்டது: கூரையில் கறை தெரிந்து நாலு வருடமாகிறது. இரண்டு முறை அவளே ஸ்டூல் போட்டு ஏறி வெள்ளையடித்தாள். சொன்னால் ஆள் வருவார்கள், மேசையை நகர்த்தச் சொல்வார்கள். எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நிற்கும்.

4

முடிவு ஒன்று: சரி என்கிறாள். தூண் வருகிறது. ஒரு வருடத்தில் யாரோ அதில் ஆணியடித்துக் குடையை மாட்டுகிறார்கள்.

முடிவு இரண்டு: கத்துகிறாள். (கத்தத் தெரிந்தவள் கதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டாள்.)

முடிவு மூன்று: மாற்றுவதே நல்லது என்று தச்சரே

இல்லை, அவரைக் கேட்டாயிற்று. "ரெண்டும் தாங்கும்மா. நீங்க வீட்டுல பேசி முடிவு பண்ணுங்க."

5

எழுதிக்கொண்டிருக்கும்போதே கணவர் வாசலில் வந்து நின்றார். போனை உள்ளங்கையால் பொத்தியிருந்தார்.

"தச்சர் லைன்ல இருக்கார். தூணே போதும்னு சொல்லிடவா?"

"மேசை?"

"ஜன்னல் பக்கம் போட்டுக்கோ."

"அங்க உங்க அலமாரி இருக்கு."

"அப்ப ஹால்ல உட்காரேன். நீதான் எங்க உட்கார்ந்தாலும் எழுதுவியே!"

பாராட்டாகத்தான் சொன்னார். அதைக் கேட்டுத்தான் அவளுக்குக் கை ஓய்ந்தது. சமையலறை மேடையில் எழுதியிருக்கிறாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் மடிமேல் வைத்து எழுதியிருக்கிறாள். முடிந்ததால் செய்தாள். செய்ததால் அதுவே போதும் என்றாகிவிட்டது.

"அம்மாவுக்கு மூணு வாரம் கஷ்டம். யோசிச்சுப் பாரு."

யோசித்தாள். அவர் சொல்வது உண்மை. அந்த நாலு படிகளிலும் மாமியாரின் கையைப் பிடித்து இறக்கப்போவது யார் என்பதும் தெரியும். 'சரி' நாக்கின் நுனிவரை வந்துவிட்டது; பழகிய சொல், வழி தெரியும்.

"வேண்டாங்க," என்றாள்.

"எது வேண்டாம்?"

"தூண்."

குரல் உயரவில்லை. அவர் கையை எடுத்துவிட்டுப் போனில் என்ன சொன்னார் என்பதை அவள் எழுதவில்லை. அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன சொல்வீர்களோ, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். "நல்லா யோசிச்சியா?" என்று அவர் மறுபடி கேட்டார் என்பது மட்டும் நிச்சயம். சொன்னதை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.