ஆள் இல்லாத இடத்துப் பேச்சு

பேஸ்பால் ஆட்டத்தில், பந்து எறிகிற நேரம் பார்த்து முதல் பேஸிலிருந்து ஓடிய மூன்றாவது பையனும் இரண்டாம் பேஸில் அவுட்டானபோது என் பென்சில் முனை ஒடிந்தது. அவன் சோம்பேறி அல்ல. எங்கள் ஹார்மன் க்ரீக் பள்ளியிலேயே வேகமான கால் அவனுடையதுதான். முயல்கள் ஒதுங்கி நின்று அவனுக்கு வழி விடும். ஆனால் அவன் பாதி தூரம் போவதற்குள் பந்து அங்கே போய்ச் சேர்ந்து, கால்மேல் கால் போட்டு, ஒரு காப்பியும் குடித்து முடித்து அவனுக்காகக் காத்திருந்தது. எங்கள் கோச் மூன்றாம் பேஸ் பக்கம் நின்று தொப்பியையும் பெல்ட்டையும் காதையும் தடவி 'ஓடு' என்று சைகை காட்டிய அடுத்த நொடியே எதிரணி நியூ டெல்ஃப்ட்காரர்களின் பந்து எறிகிறவன், பிட்சர், அதை மட்டைக்கு எட்டாத தூரத்தில் போட்டான். மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற அவர்களுடைய கேட்சர் தயாராக எழுந்து நின்று வாங்கி இரண்டாம் பேஸுக்கு எறிந்தான். ஒரு தடவை நடந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். மூன்று தடவை நடந்தால் எங்கள் பெஞ்சிலேயே யாரோ வாயைத் திறந்திருக்கிறான் என்று அர்த்தம். ஸ்கோர் புத்தகத்தின் ஓரத்தில் ஒடிந்த பென்சிலாலேயே 'உளவாளி' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

முப்பத்தொரு வருடம் கிராமத்துப் பாதைகளில் தபால் வண்டி ஓட்டியவன் நான். யார் வீட்டுக்கு எந்த ஊரிலிருந்து கடிதம் வருகிறது என்று பார்த்தே யார் யாருடன் பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திறமையை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் பள்ளி அணிக்கு ஸ்கோர் எழுத உட்கார்ந்தேன். என் மனைவி லவோன் கேட்டால், வீட்டில் இருந்த என்னை அவள்தான் துடைப்பத்தால் தள்ளிக் கொண்டுபோய் மைதானத்தில் விட்டாள் என்பாள். அவள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

முதலில் என் சந்தேகம் கோச் ஸ்வோபோடாவின் மேலேயே விழுந்தது. கணக்கு வாத்தியார், வயது முப்பத்திரண்டு, இந்தக் கோடையில்தான் பொறுப்பேற்றார். ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அவருக்கு முன் இருந்தவர் கத்தினால் பக்கத்து மாவட்டத்தில் மாடுகள் கறவை நிறுத்தும். கத்தாத கோச்சை எப்படி நம்புவது? அதோடு அவர் கொண்டுவந்த விதி ஒன்று இருந்தது. ஒரே ஒரு விதி. அணியில் யாரும் ஆள் இல்லாத இடத்தில் அந்த ஆளைப் பற்றிப் பேசக் கூடாது. பேச ஆரம்பித்தால், கேட்கிறவன் உடனே போய் அந்த ஆளைக் கூட்டிவர வேண்டும். மிச்சத்தை அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அணி என்பது அப்படித்தான் உருவாகும் என்றார். எனக்கு அது சாப்பாட்டில் உப்பே கூடாது என்று டாக்டர் சொன்னது மாதிரி இருந்தது. பையன்களோ அதைப் பைபிள் மாதிரி பிடித்துக்கொண்டார்கள். ஒருநாள் மதியம் ஒருவன் அம்பயரைப் பற்றி முணுமுணுத்தான் என்று இரண்டு பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், டயர் கடையில் வேலை செய்துகொண்டிருந்த அம்பயரைக் கையில் ஸ்பேனரோடு கூட்டிவந்துவிட்டார்கள். முணுமுணுத்தவன் வெளுத்த வெளுப்பில் அவன் சட்டை அழுக்காகத் தெரிந்தது.

இப்படி நேர்மை பொங்கி வழிகிற இடத்தில்தான் உளவாளி நன்றாக ஒளிந்துகொள்ள முடியும் என்று எனக்குப் பட்டது. இரண்டு வாரம் எல்லோரையும் கவனித்தேன். கடைசியில் என் கண் எங்கள் கேட்சர் ப்ரெக்கன் மேல் நிலைத்தது. கடைசி வருட மாணவன், அணித்தலைவன். ரகசிய வாக்கெடுப்பில் பையன்களே அவனைத் தேர்ந்தெடுத்தார்கள், ஒரு வாக்குகூட மாறவில்லை. அதுவே இயற்கையாக இல்லை. அடுத்து, ஒவ்வொரு பந்தையும் பிடித்த பிறகு அதைப் பிட்சருக்குத் திருப்பி எறியாமல் பாதி தூரம் நடந்துபோய், எதிரே வருகிற அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தான். என்ன கிசுகிசுத்தான்? எதற்கு இத்தனை நடை? மூன்றாவதுதான் முக்கியம். வியாழக்கிழமை காலைகளில் அவனுடைய நீலப் பிக்கப் வண்டி நியூ டெல்ஃப்ட்டில், பேக்கரிக்கு எதிர்ச் சந்தில் நின்றது. ஒரு தடவை அல்ல, மூன்று வியாழன். என் கண்ணாலேயே பார்த்தேன். நான் வியாழன்தோறும் அந்தப் பேக்கரிக்குப் போகிறவன். அந்த ஊர் ஓய்வுபெற்ற தபால்காரர் கெர்ரிட்டும் நானும் அங்கே உட்கார்ந்து பாதாம் ரொட்டி தின்போம். அவரும் அவருடைய ஊர் அணிக்கு ஸ்கோர் எழுதுகிறவர். மாவட்டம் முழுக்க என்னைப் புரிந்துகொள்கிற ஒரே மனிதர்.

நியூ டெல்ஃப்ட்டோடு மறுபடியும் மோதல் சனிக்கிழமை. தோற்றால் அந்த வருடம் அதோடு முடிந்தது. கடைசி வருடப் பையன்கள் சீருடையைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அதனால் வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும், முதல் பேஸில் ஆடுகிற ஓவன் பலகையால் மண்ணைச் சமன்படுத்திக்கொண்டிருந்தபோது, தற்செயலாக நடந்துவருகிறவன் போல அவன் பக்கம் போய் நின்றேன். ஓவன் குளிர்பெட்டி அளவு இருப்பான், நல்ல மனசு. வானிலையில் ஆரம்பித்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, ப்ரெக்கன் வியாழக்கிழமை எங்கே போகிறான் என்று தெரியுமா, நம் சைகைகள் அவர்களுக்கு எப்படிப் போகின்றன என்று யோசித்தாயா என்று கேட்டேன்.

ஓவன் பலகையைக் கீழே வைத்தான்.

"ஒரு நிமிஷம் மிஸ்டர் ஹௌகன். ப்ரெக்கன கூட்டிட்டு வந்துடறேன்."

"வேணாம்ப்பா. சும்மா பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்குச் சொன்னாலும் கூட்டிட்டுதான் வரணும்," என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவன் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததே இல்லை.

ப்ரெக்கன் மட்டும் வந்திருந்தால் எப்படியாவது மழுப்பியிருப்பேன். அணி முழுக்க வந்தது. வலது மூலைப் புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கோச் ஸ்வோபோடா பந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். எனக்கு உட்கார ஒன்றும் இல்லாததால் நின்றேன். ஸ்கோர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தேன்.

"ஓவன்கிட்ட சொன்னத ப்ரெக்கன்கிட்ட சொல்லுங்க, வெர்லின்," என்றார் கோச், என் முதல் பெயரைச் சொல்லி. கோபமாகச் சொல்லவில்லை. பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்கிற குரல்.

சொன்னேன். என் வாயிலிருந்து அது வெளியே வரும்போது ஓவனிடம் சொன்ன அளவுக்கு ருசியாக இல்லை. மூன்று வியாழன், நீல வண்டி, பாதித் தூர நடை, அவ்வளவுதான். சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகவில்லை. பையன்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் ப்ரெக்கன் மேல். அவன் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். தப்பித்துக்கொள்ளப் பொய் தேடுகிறான் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

"அங்க போனது நெசம்தான்," என்றான். "எங்க அத்தை வீட்டு ஷெட்டுக்கு. ஒரு மெத்தையத் தொங்க விட்டு அதுமேல பந்து எறியறேன்." இன்னொரு புல்லைப் பிடுங்கினான். "பிட்சருக்குத் திருப்பி எறிய எனக்கு வரல. ரெண்டாவது பேஸுக்கு எறியச் சொல்லு, ரெட்டிப்பு தூரம், கண்ண மூடிட்டு எறிவேன். இது வெறும் அறுபது அடி. சின்னப் புள்ளகூட எறியும். கை விரல் தொறக்கவே மாட்டேங்குது. மே மாசத்துலேர்ந்து இப்படித்தான். அதான் நடந்துபோய்க் குடுக்கறேன். இந்த ஊர்ல யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் அங்க போனேன்."

ஒரு கேட்சருக்கு இது வந்தால் சிலருக்குத் திரும்பவே போகாது. பேர் சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஆட்டக்காரர்கள் அதை வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள். சூனியம் மாதிரி. பதினேழு வயதுப் பையன் அதை இத்தனை நாள் ஒற்றை ஆளாக ஒரு மெத்தையோடு வைத்துக்கொண்டிருந்தான். நான் அதை இழுத்து வட்டத்தின் நடுவே போட்டுவிட்டேன். ஆட்டத்துக்கு ஒருநாள் இருக்கும்போது.

அதோடு விட்டிருந்தால்கூட நான் ஒரு மன்னிப்போடு தப்பித்திருப்பேன். ஆனால் கோச்சின் விதி இரண்டு பக்கமும் வெட்டியது.

"நானும் ஒண்ணு சொல்லணும் மிஸ்டர் ஹௌகன்," என்றான் ப்ரெக்கன். இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "நீங்க பேக்கரில இருந்தத நான் கண்ணாடி வழியா பாத்தேன். எழுந்து நின்னு தொப்பியத் தொட்டீங்க. காதத் தொட்டீங்க. அப்பறம் பெல்ட்டு. அங்க எல்லாரும் சிரிச்சாங்க. அன்னிக்கே உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். சொன்னா, நீ அங்க என்ன பண்ணேன்னு கேப்பீங்களேன்னு சொல்லல."

ஸ்வோபோடா எவ்வளவு கெட்டிக்காரர் என்று கெர்ரிட்டுக்கு விளக்கியிருந்தேன். தொப்பியை அவர் பதினாலு தடவை தொடுவார், எல்லாம் வேஷம், பெல்ட்டைத் தொட்ட பிறகு வருவதுதான் நிஜம் என்று சொல்லி, நடித்தும் காட்டியிருந்தேன். நாலு மேசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கெர்ரிட் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பாதாம் ரொட்டிக்கு என் பங்குக் காசைக்கூட வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பெரிய மனசைத்தான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அணியில் இருக்கிற எல்லோரையும், கோச்சையும், அம்பயரையும், ஒரு மழைநாளில் பள்ளிப் பேருந்தையும்கூடச் சந்தேகப்பட்டவன் பேக்கரிக் கண்ணாடியில் தெரிந்த மூஞ்சியை மட்டும் விட்டுவிட்டேன்.

"நான்தான்," என்றேன். "பெருமைக்குச் சொன்னேன்."



கோச் தலையை ஆட்டினார். சைகைகளை இன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம், அது பத்து நிமிட வேலை என்றார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, புத்தகத்தையும் கேட்கவில்லை. அது எனக்குத் திட்டு வாங்குவதைவிடக் கலக்கமாக இருந்தது; மனசுக்குள் என்ன வைத்திருக்கிறாரோ. பிறகு ப்ரெக்கன் பக்கம் திரும்பி, நாளைக்கு ஆடுகிறாயா, வேறு யாரையாவது நிறுத்தவா, எதுவானாலும் நீயே சொல் என்றார்.

"தெரியல, கோச்."

ஓவன்தான் எழுந்தான். வேலிப் பக்கமாக அறுபது அடி அளந்து நடந்துபோய் நின்று, கையுறையை மாட்டிக்கொண்டான். "எறிடா," என்றான். "மெத்தைக்கு நான் ஒண்ணும் கொறைச்சல் இல்ல." யாரோ ஒருத்தன் சிரித்தான், உடனே நிறுத்தினான். மற்றவர்கள் எழுந்து ஓவனுக்கு இரண்டு பக்கமும் வரிசையாகப் போய் நின்றார்கள்.

ப்ரெக்கன் எறிந்த முதல் பந்து ஓவனுக்கு ஓர் ஆள் உயரத்துக்கு மேலே பறந்து, வேலியைத் தாண்டிச் சோளக்காட்டில் விழுந்தது. இரண்டாவது தரையில் குத்தி உருண்டது. மூன்றாவதும் சோளக்காடு. பந்தை எடுக்க ஒருவன் வேலியில் கால் வைத்தான். நான் போகிறேன் என்று சொல்லி, புத்தகத்தை அவனிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். எழுபத்தொரு வயதில் வேலி ஏறுவது எப்படி இருக்கும் என்று யாரும் கேட்காமல் இருப்பது நல்லது.

ஜூலைச் சோளம் எனக்கு மேலே இரண்டு அடி நின்றது. உள்ளே நாலு எட்டு வைத்ததும் மைதானம் காணாமல் போய்விட்டது. எல்லாப் பக்கமும் பச்சை, இலை விளிம்பு கழுத்தை அறுத்தது, பூந்தூள் சட்டைக்குள் உதிர்ந்தது. ஒரு பந்து கிடைத்தது. இன்னொன்றைத் தேடிக் குனிந்தபோது வெளியே பேச்சு அடங்கியது. ப்ரெக்கன் கையை ஓங்கியிருக்க வேண்டும். நான் குனிந்தபடியே நின்றேன், ஒரு கையில் பந்தோடு, தலைக்கு மேல் இலைகள் சரசரக்கப்போகின்றனவா, அந்தப் பக்கம் ஓவனின் தோல் கையுறையில் பந்து அறையும் சத்தம் கேட்கப்போகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு.