மாப்பிள்ளை தராத பாஸ்வேர்ட்

எங்கள் குடும்பத்தில் மாமனார் வாய்விட்டுக் கேட்டதை எந்த மாப்பிள்ளையும் மறுத்ததில்லை. அந்த வழக்கம், ஹூஸ்டனை அடுத்த கேட்டி என்ற ஊரில் என் மகள் வெண்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை உடைந்தது.

நானும் மாப்பிள்ளை சபரிநாதனும் ஹூஸ்டனில் ஒரே கம்பெனி. வீடுகளுக்கு எரிவாயு விற்கும் கம்பெனி. அதன் டேட்டாபேஸ்கள் நெடுங்காலமாக என் பொறுப்பு. எதற்கு எந்த பாஸ்வேர்ட் என்பது முழுக்க என் தலைக்குள் இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. பிறகு எல்லாவற்றையும் குபர்நெட்டிஸ் என்ற புது முறைக்கு மாற்றினார்கள். இப்போது மென்பொருள்கள் கன்டெய்னர் என்னும் சிறு பெட்டிகளுக்குள் ஓடுகின்றன. பெட்டிகள் தேவைக்கேற்பத் தோன்றும், மறையும். அவற்றுக்கு பாஸ்வேர்ட் போய்ச் சேரும் ஏற்பாட்டைச் செய்தவர் மாப்பிள்ளை.

அப்போது அவருடைய அப்பா மாரிசாமியும் ஊரிலிருந்து வந்து சில மாதம் அங்கே தங்கியிருந்தார்.

"மாப்பிள்ளை, அந்த பில்லிங் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை எனக்கு டெக்ஸ்ட் பண்ணிடுங்க. நாளைக்கு ஒண்ணு செக் பண்ணணும்" என்றேன்.

"அது முடியாது மாமா."

"ஏன்?"

"எனக்கே தெரியாது. ஒவ்வொரு கன்டெய்னரும் ஸ்டார்ட் ஆகும்போது வால்ட்ங்கிற சாஃப்ட்வேர் அதுக்குன்னு புதுசா ஒண்ணு குடுக்கும். கொஞ்ச நேரத்துல எக்ஸ்பயர் ஆயிடும். மனுஷங்க யாரும் பார்க்கிறதில்ல."

"பூட்டு போட்டவருக்கே சாவி தெரியாதாக்கும்?"

"எடுத்துப் பார்க்க வழி இருக்கு மாமா. ஆனா நான் பார்க்க மாட்டேன். உங்க பேர்ல ஒரு லாகின் இருக்குல்ல, அதுலயே செக் பண்ணுங்க."

மாரிசாமி சிரித்துவிட்டார். "பொண்ணையே குடுத்த மனுஷன்டா அவரு. ஒரு பாஸ்வேர்ட் குடுக்க மாட்டியா நீ?"

சம்பந்தி சிரிக்கும்படி ஆகிவிட்டது. வெண்பா மோர் ஊற்ற வந்தாள். வேண்டாம் என்று எழுந்து கை கழுவினேன். அதன்பின் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஆபீஸில் மாப்பிள்ளை எதிரே வந்தால் தலையசைப்பதோடு சரி.

"அப்பா, அவரு உங்கள இன்சல்ட் பண்ணலப்பா" என்று வெண்பா போனில் கெஞ்சினாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா" என்று வைத்துவிட்டேன்.

கோடை முடியும் சமயத்தில் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து என்னை அழைத்தார்கள். பில்லிங் டேட்டாபேஸிலிருந்து வாடிக்கையாளர்களின் விவரங்களை யாரோ மொத்தமாக நகலெடுத்திருக்கிறார்கள். மென்பொருளின் பாஸ்வேர்டைக் கொண்டே உள்ளே போயிருக்கிறார்கள். விசாரித்த அமெரிக்கப் பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால், "இங்கே எல்லா பாஸ்வேர்டும் உங்களுக்குத் தெரியும் என்கிறார்களே?" என்றபோது சந்தேகம் என் மேல் என்று புரிந்தது. என் பெயரோ என் அப்பா பெயரோ அதுவரை எந்த விசாரணையிலும் அடிபட்டதில்லை.

"பழையவை தெரியும். இது தெரியாது" என்றேன்.

"கேட்டதுண்டா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்குள் நடந்த அவமானத்தை வெளியாள் முன் எடுத்து வைக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் பொய் சொல்லி மானத்தைக் காப்பாற்றி எனக்குப் பழக்கமில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"கேட்டேன். என் மாப்பிள்ளை தரவில்லை."

அந்தப் பெண்மணி தன் திரையை என் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனித்தனி பாஸ்வேர்ட் என்பதால், திருடப்பட்ட பாஸ்வேர்ட் எந்தக் கன்டெய்னருடையது என்று தெரிந்திருந்தது. அதற்குள் நுழைந்து அதை எடுத்தவர் யார் என்றும் பதிவாகியிருந்தது. ஒப்பந்த வேலைக்கு வந்த ஆள் ஒருவர். என் பெயர் எங்கும் இல்லை. மாப்பிள்ளை பெயரும் இல்லை.

"அவர் உங்களுக்கு அனுப்பியிருந்தால், இன்று உங்கள் இருவரையுமே சந்தேகித்திருப்பேன்" என்று எழுந்து கை கொடுத்தார்.

காரில் ஏறி ஏசியைப் போட்டேன். பிறகு என் வீட்டுக்குப் போகாமல் நேரே கேட்டிக்கு ஓட்டினேன்.

வெண்பாதான் கதவைத் திறந்தாள்.

"மோர் இருக்காம்மா?" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது.

சோபாவிலிருந்து மாப்பிள்ளை சட்டென்று எழுந்தார். "மாமா, அன்னிக்கு நான்..."

"உக்காருங்க மாப்பிள்ளை. நீங்க குடுக்காததாலதான் இன்னிக்கு ரெண்டு பேரும் தலை நிமிந்து இருக்கோம்."

மாரிசாமி ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்து, வீட்டுக்காரிக்குத் தகவல் அனுப்பப் போனை எடுத்தால் சிக்னல் இல்லை.

"வைஃபை பாஸ்வேர்ட் என்ன மாப்பிள்ளை?"

அவர் தயங்கினார். "நேத்துதான் வெண்பா மாத்தினா மாமா. சத்தியமா எனக்குத் தெரியாது."

மாரிசாமி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெண்பா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு மோர் டம்ளரைக் கொடுத்தாள்.