ஏணிக்குக் கீழே பெடல்

என் மோட்டார் தையல் மிஷினின் கால் பெடலைக் காணவில்லை என்றதுமே தெரிந்துவிட்டது, என் புருஷன் சாம்தான் கை வைத்திருப்பார் என்று. கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. சர்ச் கொயரில் பாடுகிற பெண்களின் வெள்ளை ஜாக்கெட்டெல்லாம் வெட்டியது வெட்டியபடி கிடக்கிறது. பின்பக்கம் போய்ப் பார்த்தால், பிரித்துப்போட்ட பழைய டிரில்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார்.

“யோவ், இன்னாய்யா பண்ணிகினு கீற?”

“கத்தாத ரெஜினா. வேலைக்குத்தான் எடுத்தேன்.”

பெடலின் வயிற்றில் இருந்ததையெல்லாம் உருவிவிட்டு, டிரில்லின் சுவிட்சை அதற்குள் திணித்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் கை கண்ணில் பட்டதும் கோபம் இறங்கிவிட்டது.

சாம் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர். மாமல்லபுரம் ரோட்டு ரிசார்ட்டுகளில் அண்ணாந்து பார்த்தால் பாதி அவர் போட்டதுதான். ஜூலையில் கட்டர் நழுவி, வலது கையில் இரண்டு விரல்களின் நரம்பை அறுத்துவிட்டது. டிரில்லைப் பிடிக்க முடியும், சுவிட்சை அழுத்த முடியாது. இடது கையால் பழகிப் பார்த்தார். ஓட்டை ஒவ்வொன்றும் கோணலாகப் போனது. அந்த ரிசார்ட்டுகளில் ஒன்றில் வாட்ச்மேன் வேலை இருப்பதாகவும், திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றும் கான்ட்ராக்டர் பார்த்திபன் சொல்லியிருந்தார். தான் சீலிங் போட்ட இடத்தில் கேட் திறந்துவிட வேண்டும்.

அதைக் கேட்டதிலிருந்து மனுஷன் ஓரிடத்தில் உட்காரவில்லை. சோற்றுத் தட்டோடு நடந்தார். கூட வேலை பார்த்தவர்கள் தூக்கிப்போட்ட டிரில்களைப் பையில் அள்ளிவந்தார். செத்த பேட்டரிகளைப் பிரித்து, உயிரோடிருந்த செல்களைப் பொறுக்கி ஒன்றாகக் கட்டினார். மெல்லிசு ஒயர் போட்டதில் புகைந்தது. இன்வெர்ட்டரின் தடித்த ஒயரை மாட்டியதும் அடங்கியது. அவர் நடக்க நடக்க எனக்கும் நிலைகொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் பெடலை வாசலில் வைத்து மிதித்தார். விரல் படாமலே டிரில் கொர்ரென்று சுற்றியது. எத்தனையோ மாதம் கழித்துச் சிரித்தார்.

“ஸ்டார எடு ரெஜினா! கொக்கி நான் அடிக்கிறேன்.”

வருஷா வருஷம் வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுவது அவர்தான். பழைய கொக்கி மழையில் பெயர்ந்துவிட்டிருந்தது. விறுவிறுவென்று ஏணியில் ஏறினார், டிரில்லைச் சுவரில் வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

பெடல் ஒயரின் மறுமுனையில், தரையில் கிடந்தது. அவருடைய கால் இரண்டும் ஏணியில் இருந்தன. காலமெல்லாம் ஏணிமேலேயே வாழ்ந்த ஆள் இதை மட்டும் யோசிக்கவில்லை! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

“பார்த்திபனுக்குப் போன் போடு” என்றார் சுவரைப் பார்த்தபடி. “வாட்ச்மேன் வேலைக்கு வரேன்னு சொல்லிடு.”

நான் செருப்பை உதறிவிட்டுப் பெடலில் காலை வைத்தேன்.

“ஏய், மெதுவா...”

“எத்தினி வருஷமா மெரிச்சுகினு கீறேன், எனக்குச் சொல்லித்தரியா? நீ நேரா புடி.”

மெல்லிய துணியில் தையலை ஆரம்பிக்கிற மாதிரி லேசாக அழுத்தினேன். பிறகு கொஞ்சம் வேகம். சிமென்ட் தூள் என் தலையில் கொட்டியது. அவர் ‘போதும்’ என்று சொல்வதற்குள் காலை எடுத்துவிட்டேன். ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்.

“நேரா கீது” என்றார்.

நான் போனை எடுத்து, அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“அண்ணே, வாட்ச்மேனுக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க. சீலிங் வேலைக்கு ரெண்டு பேரா வரோம்.”

“ரெண்டு பேரா? கூட யாரும்மா?” என்றார் பார்த்திபன்.

நான் வாய் திறப்பதற்குள் ஏணிமேலிருந்து சாம் கத்தினார்:

“என் பொண்டாட்டிதான் அண்ணாத்த! இன்னா இப்ப?”